மாட்டு டாக்டர்

போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர் தம் நாயின் படத்தைக் காட்டினார். கைபேசியில் எடுத்த படங்கள். ஒன்றிரண்டல்ல, முப்பது நாற்பது இருக்கும். நாய் தூங்குகிறது, நாய் பிறந்தநாள் கேக்கை முகர்கிறது, நாய் கார் ஜன்னல் வழியாகத் தஞ்சாவூர்ச் சாலையை வேடிக்கை பார்க்கிறது. இடது கையால் படங்களைத் தள்ளிக்கொண்டே வலது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி அவர் சொன்னார்:

"இருபத்திரண்டாயிரம் குடுத்து வாங்கினேன் ஸார். கோயமுத்தூர்லேருந்து தனிக் கார் வச்சு எடுத்துக்கிட்டு வந்தேன்."

"பிரமாதம்" என்றேன்.

ரசம் வந்தது. அவர் முகம் மாறியது. "ஆனா பாருங்க, இந்த மாட்டு டாக்டருங்க அடிக்கிற கொள்ளை இருக்கே! போன வாரம் தடுப்பூசி போடக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு ஊசி, எண்ணூத்தம்பது ரூபாய்ங்கறான். ஏம்ப்பா, நாய்க்குத்தானே போடறே, மனுஷனுக்கா போடறேன்னு கேட்டேன். ஊசியே வேண்டாம்னு திரும்பிட்டேன்."

எனக்குப் பதில் சொல்ல நாக்குத் துறுதுறுத்தது. அந்தச் சமயம் பார்த்துப் பால் பாயசம் வந்துவிட்டது. பால் பாயசத்தை ஆறவிட்டுத் தர்க்கம் செய்கிறவன் தஞ்சாவூர்க்காரன் அல்ல. ஆகையால் அன்று பந்தியில் விழுங்கிவிட்டதை இன்று இங்கே சொல்கிறேன். அவர் இதைப் படிக்கப் போவதில்லை. அவரைப் போன்ற வேறு பத்துப் பேர் படிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். 'மாட்டு டாக்டர்'. அதை ஒரு வசவாகச் சொல்லும் துணிச்சல் வேறு சீமைக்காரனுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். காவேரித் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்கிறவனுக்கு இருக்கலாமா? நம் பாட்டன்மார்கள் மிராசுதார்கள் ஆனது மாட்டின் முதுகின் மேல் ஏறித்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உம்பளச்சேரி மாடு என்று ஒரு ஜாதி. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். வளர வளரச் சாம்பல் பூசிக்கொள்ளும். காளைகளின் கொம்பைச் சிறு வயதிலேயே சுட்டுவிடுவார்கள்; அதனால் 'மொட்டை மாடு' என்றே அதற்கு இன்னொரு பெயர். குள்ளம், ஆனால் முழங்கால் சேற்றில் காலை முதல் மத்தியானம் வரையில் சளைக்காமல் உழும். அந்த மாட்டுக்கு ஒரு நாள் வயிறு உப்பினால், பண்ணை வீட்டில் அடுப்பு எரியாது. என் பாட்டனார் தம் மார்வலியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதவர். காளைக்குக் கோமாரி கண்டபோது மட்டும் நடுராத்திரியில் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து வைத்தியம் தெரிந்த கோனாரை அழைத்துவந்தார் என்று வீட்டில் சொல்லுவார்கள். கோனாருக்கு ஒரு கலம் நெல்லும் வேஷ்டியும். பேரம் கிடையாது.

இப்போது டிராக்டர் வந்துவிட்டது. மாடு போயிற்று, மாட்டோடு அந்த மரியாதையும் போயிற்று.

மாட்டு டாக்டர் மாட்டை மட்டும் படித்தவர் என்று பந்தி நண்பர் நினைக்கிறார் போலிருக்கிறது. மனிதருக்கு வைத்தியம் செய்கிறவர் ஒரே ஓர் உடம்பைத்தான் படிக்கிறார். இவர் படிக்கிற உடம்புகளைப் பாருங்கள். பசுவுக்கு வயிற்றில் நாலு அறை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. கோழிக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானமே கிடையாது. இத்தனையும் படித்து முடிக்க, வேலை பழகுகிற ஒரு வருஷத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷம் ஆகிறது. படித்து முடித்து வந்து உட்கார்ந்தால், எதிரே நிற்கிற நோயாளிக்கு வாய் கிடையாது. எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. சொல்லாததோடு, தொட்டால் கடிக்கும். உடன் வந்தவருக்கோ வாய் மட்டும்தான் உண்டு. சாப்பிட்டதா, மலம் கழித்ததா, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டால், "அதெல்லாம் வேலைக்காரிக்குத்தான் தெரியும்" என்பார்.

சென்னை வேப்பேரியில் இந்தப் படிப்புக்கான கல்லூரி ஆரம்பித்தது 1903-ல். நாமக்கல்லுக்கு 1985-ல் வந்தது. நம் டெல்டாவுக்கு வர 2012 வரையில் ஆயிற்று. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில் ஒரத்தநாட்டில் இருக்கிறது. சரபோஜி மன்னர் முக்தாம்பாள் பெயரில் சத்திரம் கட்டிய அதே ஊர். மன்னர் சேர்த்து வைத்த சரஸ்வதி மகாலில் யானை வைத்தியத்துக்கும் குதிரை வைத்தியத்துக்கும் சுவடிகள் உண்டு. ராஜாக்களுக்கு இது அவமானமாகத் தோன்றவில்லை. கல்யாணப் பந்திக்காரருக்குத் தோன்றுகிறது.

இருக்கட்டும், காசு விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் அவருக்கு நோவது அங்கேதான்.

நாய் வாங்குகிறவர்கள் விலையைக் கொடுத்தவுடன் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். கணக்கு அன்றைக்குத்தான் ஆரம்பமாகிறது. குட்டிப் பருவத்தில் பார்வோ என்ற கழிச்சல் நோய்க்கும் மற்றச் சில வியாதிகளுக்கும் தவணை தவணையாக ஊசி. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்கு ஊசி. அப்புறம் வருஷா வருஷம். பூச்சி மருந்து. உண்ணி மருந்து. என் வீட்டில் இருப்பது தெருவிலிருந்து வந்து திண்ணையில் படுத்து, படுத்த உரிமையில் வீட்டுக்காரன் ஆகிவிட்ட நாட்டு நாய். விலை ஒரு பொறை பிஸ்கோத்து. அதற்கே போன வருஷம் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் ஆயிற்று என்று என் மனைவியின் கணக்கு நோட்டில் இருக்கிறது. அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் நான் காப்பிப் பொடிக்குச் செலவழித்த தொகையும் இருக்கிறது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

"சோத்துக்கே வழியில்லாத ஜனங்க இருக்கிற நாட்டிலே நாய்க்கு நாலாயிரமா?" என்று ஒரு கட்சி உண்டு. உயர்ந்த கட்சிதான். ஆனால் அதைப் பேசுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். நாயை வாங்கும்போது இந்தக் கட்சியில் அவர்கள் சேருவதில்லை, நாய்க்கு நோய் வரும்போதுதான் சேருகிறார்கள். ஏழைகளுக்காக மனம் இரங்குகிறவர் இருபத்திரண்டாயிரத்தை அல்லவா அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்? எண்ணூற்றைம்பதை மிச்சம் பிடித்து எந்த ஏழைக்கு அனுப்பி வைத்தார்? நாய் வளர்க்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. வளர்க்க முடியாது என்றால் வளர்க்காமல் இருப்பது கௌரவமான காரியம். வளர்ப்பேன், வைத்தியம் பார்க்கமாட்டேன் என்பதற்கு வேறு பெயர்.

நானும் ஒன்றும் யோக்கியன் அல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் எங்களிடம் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. ஒரு நாள் ஜுரம் போல் சுருண்டு கிடந்தது. பூனைக்காக யாராவது பஸ் ஏறுவார்களா? எனக்கு வாங்கி வைத்திருந்த பாரஸிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடி செய்து பாலில் கலந்து வைத்தேன். நல்லது செய்ததாகத்தான் நினைப்பு. சாயங்காலம் அதன் ஈறு பழுப்பு நிறமாக மாறியிருந்தது, மூச்சு இழுத்தது, மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. மனிதன் உடம்பு கரைத்துத் தள்ளிவிடுகிற அந்த மருந்தைப் பூனையின் ஈரலால் கரைக்க முடியாது, அது பூனைக்கு அசல் விஷம் என்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு மாட்டு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பஸ்ஸுக்கு அன்று நாலு ரூபாய் ஆகியிருக்கும்.

கை வைத்தியமே கூடாது என்று சொல்ல வரவில்லை. தஞ்சாவூரிலேயே, கால்நடைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மாட்டின் மடி நோய்க்கு ஒரு மருந்தைப் பரப்பினார். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து மடியில் தடவ வேண்டியதுதான். பால் வளர்ச்சி வாரியமே அதை எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைச் சொன்னவர் கற்றாழையையும் தெரிந்தவர், மடியையும் தெரிந்தவர். அளவு போட்டு, பரீட்சை பண்ணிச் சொன்னார். கழிச்சலில் ரத்தம் போகிற நாய்க்குட்டிக்கு மாதுளம் தோலைக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் குழி தோண்டுகிறவர்கள் பாட்டி வைத்தியத்தின் பக்தர்கள் அல்ல. சிக்கனத்தின் பக்தர்கள்.

சரி, செலவழிக்கத் தயாராக இருக்கிறவர்களுக்கு மட்டும் எல்லாம் நல்லபடி நடந்துவிடுகிறதா? இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஒருபக்க வக்கீல் வாதம் ஆகிவிடும். என் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் என் பங்கும் உண்டு.

நான் இருப்பது திருவையாற்றில், காவேரிக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில். எதிர்வீட்டில் ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும். அவர் கூட்டுறவு சொசைட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை, பாங்கு வட்டிதான். ஒரே பிள்ளை பெங்களூரில் உத்தியோகமாக இருந்தான். அங்கே ஒரு லாப்ரடார் நாய் வாங்கினான். இரண்டு வருஷத்தில் அமெரிக்காவுக்கு மாற்றிவிட்டார்கள். நாய் திருவையாற்றுக்கு வந்தது.

இது இப்போது எங்கள் டெல்டா முழுவதும் நடக்கிற சமாசாரம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் பேரன்களை விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது நாயை விட்டுவிட்டுப் போகிறார்கள். மாயவரத்திலும் மன்னார்குடியிலும் பெரிய வீடுகளில் கிழவரும் கிழவியும் ஒரு ஜாதி நாயுமாக இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பனிப்பிரதேசத்துக்காகப் பிறந்து, முழங்கை நீளம் ரோமம் வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் கிணற்றடியில் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கும் ஒரு ஹஸ்கியைக் கூடப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை.

எதிர்வீட்டு நாய்க்குப் பிள்ளை வைத்த பெயர் ஸிம்பா. அம்மாள் வாயில் அது 'சின்னப்பா' ஆகிவிட்டது. தினம் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளை வீடியோவில் பேசுவான். அவன் குரல் கேட்டதும் சின்னப்பா ஓடி வந்து கைபேசிக்குப் பின்னால் போய்ப் பார்க்கும். முன்னால் படம் தெரிகிறதே, ஆள் பின்னால் இருக்க வேண்டும் என்பது அதன் நியாயம்.

போன ஐப்பசியில் சின்னப்பா சாப்பிடுவதை நிறுத்தியது. உடம்பு கொதித்தது. பெரியவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, நல்ல டாக்டரா யாராச்சும் தெரியுமா?"

தெரியும் என்றேன். பட்டணத்தில் ஒரு கிளினிக் இருந்தது. பெயர் வேண்டாம், எந்தப் பட்டணம் என்பதும் வேண்டாம். நான் ஏன் அதைச் சொன்னேன் என்பதுதான் முக்கியம். அங்கே கண்ணாடிக் கதவு இருந்தது. குளிர்சாதனம் இருந்தது. வரவேற்கிற பெண் இங்கிலீஷில் பேசினாள். வெளியே நின்ற கார்கள் நல்ல கார்கள். இதைத் தவிர அந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கதாநாயகிக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக இருந்தால் பத்து அத்தியாயம் விசாரிக்கிறவன் நான்!

நாலு நாள் சின்னப்பாவை அங்கே கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். தினம் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வயிற்றைப் படம் எடுத்தார்கள். விசேஷ ஆகாரம் என்று ஒரு பை, குளிப்பாட்ட ஒரு குப்பி. என்ன வியாதி என்று கேட்டால், "இன்ஃபெக்ஷன்" என்றார்களாம். பதினோராயிரத்து அறுநூறு ரூபாய். பெரியவர் பிள்ளைக்குச் சொல்லவில்லை. "பெஸ்ட் டாக்டர்கிட்டக் காட்டுங்கப்பா" என்று சொன்ன பிள்ளை, எவ்வளவு ஆகிறது என்று கேட்கவில்லை. இவரும் கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். அம்மாளின் கையில் இருந்த ஒரு ஜோடி வளையலில் ஒன்று காணாமல் போனதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் நாயின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஒரு வாடகை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரத்தநாட்டுக்குப் போனோம்.

அங்கே கண்ணாடிக் கதவு இல்லை. வரிசை இருந்தது. எங்களுக்கு முன்னால் ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி, கன்று போட முடியாமல் தவிக்கும் பசுவோடு ஒரு குடியானவர், கூடையில் கோழி. துண்டில் சுற்றிய பொமரேனியனோடு ஓர் உத்தியோகஸ்தர், தாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை என்பதுபோல் சற்றுத் தள்ளி நின்றார். எங்கள் முறை வந்ததும், படித்துக்கொண்டிருக்கிற ஒரு சின்னப் பெண், மேலே இருக்கும் டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, நாயின் ஈறைத் தூக்கிப் பார்த்தாள். காதுக்குள் விரலை விட்டுத் தடவி இரண்டு உண்ணியை எடுத்தாள். காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் இழுகினாள். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து, உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடித்தால் ரத்தத்தில் புகுந்து வெள்ளை அணுவுக்குள் குடியிருக்கிற கிருமி. ரத்தம் உறைவதற்கான சிற்றணுக்களைக் குறைத்துவிடும். அதனால்தான் மூக்கில் ரத்தம். டாக்ஸிஸைக்ளின் என்று மாத்திரை எழுதினார். நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். மாத்திரையின் விலையைக் கேட்டு பெரியவர் இரண்டாம் தடவை கேட்டார், தப்பாகக் காதில் விழுந்துவிட்டதோ என்று.

"நாலு நாளைக்கு முன்னாடியே ரத்தம் பார்த்திருந்தா நல்லது" என்று மட்டும் டாக்டர் சொன்னார். முந்தின டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எனக்குத்தான் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் திட்டுவதாக இருந்தால் முதலில் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக் கிழவியைப் பற்றி ஒன்று. ஆட்டுக்கு வெளியே வாங்க வேண்டிய ஒரு மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்தாள். குறைந்தது. வாயிற்படியில் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டு வரவழைத்து, வாங்கிக்கொண்டுதான் போனாள். ஆட்டுக்குத்தானே என்று அவள் கேட்கவில்லை. அந்த ஆடு போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாய் போனால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று நமக்கும் தெரியும். அதுதான் நம் பேரத்தின் ரகசியம்.

அன்றிலிருந்து, யாராவது நல்ல மாட்டு டாக்டர் யார் என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. சில கேள்விகளைச் சொல்கிறேன். 1984-ஆம் வருஷத்துக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு செய்துகொண்ட பட்டதாரிதான் இந்த நாட்டில் பிராணிகளுக்கு முழு வைத்தியம் செய்யலாம். பதிவு எண் உண்டு, கேட்கலாம், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாய் விற்பவரே ஊசியும் போட்டு, அட்டையில் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பது இங்கே சகஜம். அந்த மருந்து இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டியது. மோட்டார் ஸைக்கிள் பெட்டியில் கும்பகோணம் வெயிலில் ஊர்வலம் வந்த பிறகு அது தண்ணீருக்குச் சமானம். அப்புறம், டாக்டர் பிராணியைத் தொடுகிறாரா என்று பாருங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எழுதுகிறவர் ஜோசியர். நிறுத்து எடை பார்க்காமல் மருந்து அளவு சொல்கிறவரிடமும் ஜாக்கிரதை. இந்தப் பரிசோதனை எதற்கு, அதில் என்ன தெரியும், தெரிந்தால் வைத்தியம் மாறுமா என்று கேளுங்கள். மாறாது என்றால் எதற்காகச் செய்ய வேண்டும்? எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். நம்மவர்களுக்கு இதில்தான் வெட்கம். புடைவைக் கடையில் நாலு மணி நேரம் கூச்சமில்லாமல் பேரம் பேசுகிறவர்கள், டாக்டர் முன்னால் "செலவைப் பத்தி கவலை இல்லே" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கொள்ளை என்று ஊர் கூட்டுகிறார்கள். இவ்வளவுதான் என்னால் முடியும் என்று சொன்னால், அந்த அளவுக்குள் என்ன செய்யலாம் என்று யோசிக்கிற டாக்டர் நல்ல டாக்டர். 'எனக்குத் தெரியவில்லை, ஒரத்தநாட்டுக்குக் கொண்டு போங்கள்' என்று சொல்கிறவர் அதைவிட நல்லவர்.

ராத்திரியில் என்ன செய்வது என்பதுதான் எங்கள் பக்கத்தில் பெரும்பாடு. 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் பசுவுக்கும் ஆட்டுக்கும் வண்டி வருகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு நாய்க்கு மூச்சு முட்டினால், எங்கள் ஊரில் விடியட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இவ்வளவு ஜாதி நாய்களை இறக்குமதி செய்கிற ஜில்லாக்கள் ஒரு ராத்திரி டாக்டருக்காக ஒரு மனுக் கூட எழுதிப் போடவில்லை. கோயில் யானைக்கு ஷவர் வைத்தால் நூறு பேர் படம் எடுக்கப் போகிறோம்.

பந்தி நண்பரின் எண்ணூற்றைம்பதுக்குத் திரும்புகிறேன், அவரை நான் அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை. அந்த இரண்டு ஊசிகளில் ஒன்று வெறிநோய்க்கானது. மற்ற வியாதிகளில் அவர் கருமித்தனத்துக்குப் பெரும்பாலும் நாய் மட்டும் பலியாகும். இதில் அவருடைய வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளின் குழந்தையும் பலியாகலாம். வெறிநோய் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு அதற்கு வைத்தியம் என்று ஒன்று கிடையாது. தண்ணீரைப் பார்த்து மனிதன் நடுங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நம் பெற்றோர் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து அது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்த காலத்துப் பரம்பரை. 2004-ஆம் வருஷக் கடைசியில்தான் இந்தியாவில் அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். இன்றைக்குக் கையில் போடுகிற நாலைந்து ஊசியோடு போகிறது, அதுவும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாம். நாய்க்குப் போடுகிற ஊசி கூட இனாமாகக் கிடைக்கிற நாட்கள் உண்டு. ஜூலை 6, பாஸ்டர் முதல் முதலில் ஒரு சிறுவனுக்கு இந்த ஊசியைப் போட்ட நாள், வருஷம் 1885. செப்டம்பர் 28, அவர் இறந்த நாள். இந்த இரண்டு நாட்களை ஒட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரியிலும் முகாம் போடுகிறார்கள். ஆகவே எண்ணூற்றைம்பது இல்லை என்பதும் சாக்கு அல்ல. காலண்டர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

செலவு தாங்காதவர்கள் கடைசியில் கண்டுபிடிக்கிற வழி ஒன்று இருக்கிறது. கல்லணைச் சாலையில் காலை நேரத்தில் நடக்கப் போனால் பார்க்கலாம். கழுத்தில் பட்டையோடு, கண் பீளை சாடிய ஒரு ஜாதி நாய், போகிற ஒவ்வொரு காரின் பின்னாலும் கொஞ்ச தூரம் ஓடி, இது இல்லை என்று நின்றுவிடும். ராத்திரி யாரோ இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் போராடியதன் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது அதன்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். 1960-ல் ஐம்பது ரூபாய் ஒரு குமாஸ்தாவை நடுங்க வைத்திருக்கும். இன்று அந்தக் காரில் வந்தவர் அபராதத்தைக் கட்டிவிட்டு ரசீதுகூட வாங்கமாட்டார்.

சின்னப்பா பிழைத்துவிட்டது. நாலு வாரம் மாத்திரையைத் தயிர் சாதத்தில் வைத்து அம்மாள் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் பழைய உடம்பு வந்துவிட்டது. ஆனால் அந்த நாலு நாளில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. திண்ணைச் சுவரை உரசிக்கொண்டே நடக்கிறது. பெரியவர் இன்னும் பிள்ளையிடம் சொல்லவில்லை. வளையலைப் பற்றியும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். "வேண்டாம் தம்பி, அவன் அங்கே தனியா இருக்கான்" என்றார்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கைபேசி அடிக்கிறது. பிள்ளையின் குரல் கேட்டதும் சின்னப்பா எழுந்து, நாற்காலியில் ஒரு தடவை இடித்துக்கொண்டு, சத்தம் வருகிற திசைக்கு வந்து சேர்கிறது. வந்ததும், வழக்கம்போல், பின்னால் போய் முகர்ந்து பார்க்கிறது.